பதினோரு சாம்பல் கோட்டுகள்

வெள்ளைப் பைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. பிறகு ஒரு சீப்பு. பிறகு இன்னொரு பிஸ்கட் பாக்கெட்.

விமானக் கம்பெனியின் கவுண்டரில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். கடைசியாக ஒரு ஹேர்பின் விழுந்தது.

"அம்மா, பயண ஆவணம் எங்க? விசா எங்க?"

தையல்காரி சிரித்தாள். மூன்று நாளாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலச் சிரித்தாள்.

"பைல இருக்காதுங்க. பத்திரமா வேற இடத்துல வச்சிருக்கேன்."

பக்கத்தில் நின்ற நாத்தனார், கணவனின் தங்கை, அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். தங்கும் விடுதியில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டாள். இப்போது மட்டும் வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை.

கவுண்டர் மேலிருந்த கடிகாரம் 11:55 காட்டியது. விமானம் ஒன்று நாற்பதுக்கு. கவுண்டர் மூடுவது பன்னிரண்டு நாற்பதுக்கு.

அந்த ஆவணங்கள் சாதாரண ஆவணங்கள் அல்ல. சொந்த நாட்டில் குண்டு விழுந்தபோது எல்லை தாண்டி ஓடிவந்த குடும்பம் அது. பாஸ்போர்ட் என்று எதுவும் இல்லை. தையல்காரியின் கணவன் முதலில் வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அகதி என்று அங்கீகாரம் வாங்கி, ரொட்டித் தொழிற்சாலையில் வேலையும் வாங்கிவிட்டான். பிரிந்த குடும்பம் ஒன்றுசேரலாம் என்று சட்டம் இருக்கிறது என்றார்கள். அவன் மனுப் போட்டான். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, கைரேகை, மறுபடி நேர்காணல் என்று பதினான்கு மாதம் போனது. முடிவில் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கென்று கொடுக்கிற, ஒரே ஒரு பயணத்துக்குச் செல்லுபடியாகும் தாள் ஆளுக்கு ஒன்று வந்தது. அதில் ஒட்டிய விசா.

அதில்தான் ஒரு கொக்கி. பெற்றோர் இல்லாத தங்கையைக் குடும்பத்தோடு சேர்க்கச் சம்மதித்த அந்த நாடு, அவள் பதினெட்டு முடிவதற்குள் வந்து இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பட்டாசுக்கு இன்று நள்ளிரவோடு பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அண்ணன் ஒரு குடும்பம், தங்கை ஒரு குடும்பம். அடுத்த விமானமோ நாளை மறுநாள்தான்.

"எங்க வச்சிருக்கீங்க, எடுங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

தையல்காரி கையில் தொங்கிய சாம்பல் நிறக் கோட்டைத் தூக்கி கவுண்டர் மேல் போட்டாள். உள்துணியைத் தடவினாள். இடது பக்கம் தடவினாள். வலது பக்கம் தடவினாள். முதுகைத் தடவினாள்.

துணி துணியாகத்தான் இருந்தது. ஒரு காகிதம்கூட சலசலக்கவில்லை.

"அண்ணி," என்றது பட்டாசு மெல்ல, "கோட்டுக்குள்ளயா வச்சித் தைச்சீங்க?"

"ஆமாடி."

"ஏன் அண்ணி?"

"அந்தப் பையைப் பாத்தியா நீ? வெள்ளைவெளேர்னு, இவ்ளோ பெரிய நீல எழுத்துல! திருடா திருடா இங்க வான்னு கூப்பிடுற மாதிரி இருக்கு. அதான் பைல பிஸ்கட்டைப் போட்டுட்டு..."

"யாரும்மா பிஸ்கட்டைப் போடச் சொன்னது?"

கேட்டது நீலச்சட்டை அக்கா. மக்களை நாடு விட்டு நாடு முறையாகக் கொண்டுசேர்க்கும் சர்வதேச அமைப்பின் ஊழியர். அன்று காலை விடுதியிலிருந்து பதினோரு பேரை வேனில் ஏற்றி வந்தவர் அவர்தான். மூன்று விமானங்கள், மூன்று நாடுகள், ஆவணம் வைக்க அமைப்பு கொடுத்த பதினோரு வெள்ளைப் பைகள்.

"நீங்கதான் அக்கா! பயணத்துக்கு முன்னாடி எடுத்த வகுப்புல சொன்னீங்களே, பை போச்சுன்னா பதினாலு மாச வேலை போச்சுன்னு. எனக்கு அன்னிலேர்ந்து தூக்கமே போச்சு."

நீலச்சட்டை அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் வாயைத்தான் தைக்கணும்!"

"நகல் வச்சிருப்பீங்களே மேடம்" என்றார் கண்ணாடிக்காரர், பாவம் பார்த்து.

"நகல்ல விசா ஒட்டியிருக்காதே சார்."

"அப்ப நான் ஏத்த முடியாது. ஆவணம் இல்லாம ஒரு ஆளை ஏத்தினா அந்த நாடு எங்க கம்பெனிக்கு அபராதம் போடும், நீங்களே பாடம் எடுக்குறவங்க. பன்னெண்டு நாற்பது வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல இந்தக் கம்ப்யூட்டரே என் பேச்சைக் கேக்காது."

தையல்காரியின் செல்போன் அடித்தது. கணவன்.

"கிளம்பியாச்சா?" என்றான். பின்னால் ரயில் சத்தம். லீவு போட்டுவிட்டு இப்போதே விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருந்தான். ஏழு மணி நேரம் முன்னதாக!

"கவுண்டர்லதான் நிக்கிறோங்க."

"எல்லாம் பத்திரமா இருக்கில்ல?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு" என்றாள். "எங்கன்னுதான் தெரியல" என்று சொல்லுமுன் போனை வைத்துவிட்டாள்.

யோசி, யோசி என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

போகிற நாடுகளெல்லாம் குளிர் நாடுகள் என்பதால் யாரோ ஒரு புண்ணியவான் விடுதிக்குக் கம்பளித் துணி ஒரு கட்டு அனுப்பியிருந்தார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தையல்காரி ஒற்றை மெஷினில் ஒன்பது நாளில் பதினோரு கோட்டு தைத்தாள். ஒரே மாடல், ஒரே பட்டன். காலையில் வேனில் ஹீட்டர் வெக்கை தாங்காமல் எல்லோரும் கழற்றிக் கடைசி சீட்டில் குவித்தார்கள். இறங்கும்போது ஆளுக்கு ஒன்றை அள்ளிக்கொண்டார்கள்.

பட்டாசின் கோட்டையும் தடவியாயிற்று, அதிலும் இல்லை. ஆக, தன் கோட்டு மீதி ஒன்பது பேரில் ஒருவரிடம் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பாஸ்போர்ட் சோதனை தாண்டி உள்ளே போயாகிவிட்டது.

"ஒன்பது பேரையும் தேடிப் பிடிக்க நேரமில்லையே" என்று கையைப் பிசைந்தார் நீலச்சட்டை அக்கா.

தையல்காரி கவுண்டர் மேல் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கோட்டின் கை நுனி விரல்களை மூடியது. மார்பில் இன்னொரு ஆள் நுழைய இடமிருந்தது. அவள் கண்ணை மூடி இரண்டு தோள்களையும் விரலால் அளந்தாள். இடது தோள், சரி. வலது தோள்... முக்கால் இஞ்சு அதிகம்.

கண்ணைத் திறந்தாள். "தச்சர்!"

"எப்படிம்மா சொல்றே?"

"வருஷக்கணக்கா ஒரு கையால இழைப்புளி தள்ளினவர் அக்கா. வலது தோள் பெருசு. அளவெடுக்கும்போதே நான் கேட்டேன், 'அண்ணே, உங்களை உங்க அம்மா ரெண்டு தவணைல பெத்தாங்களா'ன்னு. இந்தக் கோட்டு அவருது. வேன்ல எங்க ரெண்டு கோட்டும் ஒண்ணுமேல ஒண்ணா கிடந்துச்சு, அவர்தான் எனக்கு முன்னாடி எடுத்துக்கிட்டு இறங்கினார். அப்ப என்னுது அவர்கிட்டதான்!"

பட்டாசு அதற்குள் புறப்படும் விமானங்களின் பலகையடியில் நின்று கத்தியது: "அண்ணி! தச்சர் மாமா விமானம் ஒரு மணிக்கு! பன்னெண்டு இருபதுக்கு ஏற ஆரம்பிச்சிடுவாங்க!"

மணி 12:06.

நீலச்சட்டை அக்காவுக்கு உள்ளே போக அனுமதி அட்டை உண்டு. கழுத்தில் அது துள்ளத் துள்ள ஓடினார். அண்ணியும் நாத்தனாரும் பாஸ்போர்ட் சோதனைக் கூண்டு வரை ஓடி, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டைக்கு முன்னால் பிரேக் போட்டார்கள்.

கூண்டுக்குள் முத்திரை அதிகாரி. நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பட்டையை மிதித்துக்கொண்டிருந்த பட்டாசின் கால் விரலைப் பேனாவால் சுட்டிக் காட்டினார். அது பின்வாங்கியது.

12:14க்கு அந்தப் பக்கம் தச்சர் தெரிந்தார். ஆறடி ஆள். கோட்டின் கைகள் முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துபோயிருந்தன. இரண்டு கையாலும் கோட்டை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவர் தரமாட்டேங்கிறாரும்மா!" என்று மூச்சு வாங்கினார் நீலச்சட்டை அக்கா.

"எப்படித் தர்றது?" என்றார் தச்சர் பரிதாபமாக. "நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? யார் எது குடுத்தாலும் வாங்காதே, யார் எது கேட்டாலும் குடுக்காதே. நான் கேட்டாலும் குடுக்காதேன்னு ரெண்டு தடவை சொன்னீங்களே! நான் நோட்டுல எழுதியே வச்சிருக்கேன்."

"அது... அது வேற விஷயம்யா!"

"வேற விஷயம்னு யாராவது சொன்னாலும் நம்பாதேன்னும் சொன்னீங்க."

முத்திரை அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டார்.

"தச்சர் அண்ணே!" தையல்காரி மஞ்சள் பட்டைக்கு இந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள். "அது என் கோட்டு. உங்களுது இதோ, நான் போட்டிருக்கேன் பாருங்க!"

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு தங்கச்சி?"

"மார்பு நாப்பத்து நாலு, கை இருபத்தாறு, வலது தோள் முக்கால் இஞ்சு கூட. இது யாரோட அளவு?"

"என்னோடது."

"இப்ப நீங்க போட்டிருக்கிற கோட்டுக்குப் பட்டன் போடுங்க, பாக்கலாம்."

தச்சர் முயன்றார். மூச்சை உள்ளே இழுத்தார். இன்னும் இழுத்தார். பட்டனுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி அப்படியே நின்றது.

"காலைலேர்ந்து போட முடியலதான்" என்று ஒத்துக்கொண்டார். "விடுதிச் சாப்பாட்டுல வயிறு வச்சிருச்சுன்னு நினைச்சேன்."

"ஒரே ராத்திரியிலயா மாமா?" என்றது பட்டாசு.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தச்சரும் சிரித்தார். சிரித்தபடியே கோட்டைக் கழற்றி நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நில்லுங்க."

முத்திரை அதிகாரி எழுந்து நின்றிருந்தார்.

"இவருக்கு நான் முத்திரை போட்டாச்சு. சட்டப்படி இவர் இந்த நாட்டை விட்டுப் போயிட்டார். திரும்பி வரமுடியாது."

"இதோ நிக்கிறாரே சார், பத்தடில!"

"நிக்கிறார். ஆனா போயிட்டார்."

தச்சர் தன் கால்களைச் சந்தேகத்தோடு குனிந்து பார்த்துக்கொண்டார்.

"சரி சார், நான் போய் வாங்கிக்கிறேன்."

"உங்ககிட்ட ஆவணம் இல்ல. நீங்க இந்தப் பட்டையைத் தாண்ட முடியாது."

"ஆவணம் அந்தக் கோட்டுக்குள்ள இருக்கு சார்!"

"கோட்டு அந்தப் பக்கம் இருக்கு."

"அதைத்தானே சார் நானும் சொல்றேன்!"

மணி 12:21. ஒலிபெருக்கியில் தச்சரின் விமானத்தைக் கூப்பிட்டார்கள். பட்டாசு அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி" என்றாள் தாழ்ந்த குரலில். "உங்க தாள் மட்டும் கிடைச்சா நீங்க எப்ப வேணா போகலாம். எனக்குத்தானே நாளைக்குக் கெடு. நான் இங்கயே விடுதில..."

"வாயை மூடுடி. உன்னை விட்டுட்டுப் போய் உங்க அண்ணன்கிட்ட நான் என்ன சொல்லுவேன், பிஸ்கட் கொண்டுவந்திருக்கேன்னா?"

சொல்லிவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் துணி போதுமா போதாதா என்று பேசுகிற நிதானமான குரல்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவர் இந்தப் பக்கம் வரக்கூடாது, சரி. நான் அந்தப் பக்கம் போகக்கூடாது, அதுவும் சரி. நாங்க ரெண்டு பேரும் ஒரு அடி நகரல. கோட்டு நகரலாமா?"

முத்திரை அதிகாரி மேஜைக்கு அடியிலிருந்து தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஆட்கள் வருவது, ஆட்கள் போவது, ஆட்களைத் தடுப்பது, ஆட்களைத் திருப்பி அனுப்புவது. விரலில் எச்சில் தொட்டு இன்னும் நாலு பக்கம் புரட்டினார்.

"எல்லாம் ஆட்களைப் பத்தித்தான் இருக்கு" என்றார் தமக்குள். பிறகு தொலைபேசியை எடுத்து மேலதிகாரியிடம் விளக்கினார். மறுமுனை நெடுநேரம் பேசியது.

"இல்ல சார்... கோட்டு சார்... இல்ல, கோட்டுக்குப் பிறந்த தேதி கிடையாது... சரி சார். என் பொறுப்புதான் சார்."

போனை வைத்தார். கூண்டின் இரண்டு பக்கக் கதவையும் திறந்தார். ஒரு கதவு நாட்டுக்குள், ஒரு கதவு நாட்டுக்கு வெளியே. நடுவில் அவர்.

"நான் ரெண்டு பக்கமும் இருக்கலாம். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். குடுங்க ரெண்டு பேரும்."

இடது கையில் ஒரு கோட்டு வாங்கினார். வலது கையில் ஒரு கோட்டு வாங்கினார். கைகளை மாற்றினார். தச்சர் தன் கோட்டை மாட்டி, மேலிருந்து கீழ் வரை அத்தனை பட்டனையும் போட்டு, வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"வயிறெல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி!"

"ஓடுங்க அண்ணே, விமானம்!"

தச்சர் ஓடினார். பத்தடி ஓடியவர் நின்று, "போய்ச் சேந்ததும் ஒரு நல்ல கட்டிங் டேபிள் செஞ்சு அனுப்பறேன்!" என்று கத்திவிட்டு மறுபடி ஓடினார்.

தையல்காரியின் கோட்டு மட்டும் இன்னும் முத்திரை அதிகாரியின் கையிலேயே இருந்தது. உள்துணியை அழுத்திப் பார்த்தார். சலசலத்தது.

"உள்ள என்ன இருக்குன்னு என் கண் முன்னாடி பிரிக்கணும்."

"கத்தரிக்கோல் இருக்கா சார்?"

"இங்க கத்தி, கத்தரி, பிளேடு எதுவும் வைக்கக்கூடாது."

மணி 12:29. அதிகாரி பேனா முனையைத் தையலுக்குள் விட்டு நெம்பிப் பார்த்தார். பேனா வளைந்தது. நீலச்சட்டை அக்கா பல்லால் கடித்துப் பார்த்தார்.

"என்ன நூல்டா சாமி இது!"

"மெழுகு போட்ட நூல் அக்கா. இதால திமிங்கலத்தையே தைக்கலாம்."

"பெருமையா வேற சொல்றாங்க!" பட்டாசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, என் பதினேழு வயசு அதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு!"

தையல்காரி கோட்டை வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் முகத்தில் காலையில் கவுண்டரில் இருந்த அதே சிரிப்பு.

"மாவு மூட்டை வாயைத் தைப்பாங்களே, பாத்திருக்கீங்களா சார்? அது சங்கிலித் தையல். குறுக்கால அறுத்தா நாள் பூரா அறுக்கணும். நுனி எங்கன்னு தெரிஞ்சா..."

ஓரத்தில், அக்குள் மடிப்புக்குள், கடுகளவு துருத்திய நூல் நுனியை நகத்தால் பற்றினாள். இழுத்தாள்.

சர்ர்ர்ர்ரென்று ஒரே ஓட்டம். உள்துணி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தானாகப் பிரிந்தது. இரண்டு பயணத் தாள்கள், இரண்டு விசா, முத்திரை வைத்த மருத்துவ உறை எல்லாம் முத்திரை அதிகாரியின் மேஜை மேல் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தன.

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

"ஓடுங்க!" என்றார் அதிகாரி.

12:37க்குக் கவுண்டர். கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டர் மேல் ஒரு கையை வைத்து, முரண்டு பிடிக்கும் மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டாசின் பிறந்த தேதியில் கண் நின்றது. அவளுக்கு ஜன்னலோர சீட் போட்டார்.

பிஸ்கட் பாக்கெட் இரண்டும் கவுண்டரிலேயே கிடந்தன. "அது உங்களுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள் தையல்காரி.

மறுபடி முத்திரை அதிகாரி. இந்த முறை இருவருக்கும் அவசரமில்லாமல், மை சரியாகப் பதிகிறதா என்று பார்த்துப் பார்த்து முத்திரை வைத்தார்.

"பதினேழு வருஷம், முந்நூத்தி அறுபத்து நாலு நாள்" என்றார். "கணக்கு சரிதானே?"

"சரிதான் சார்" என்றது பட்டாசு. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மஞ்சள் பட்டையை ஒரே தாவலாகத் தாண்டினாள்.

தையல்காரி நடந்தே தாண்டினாள். தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். நீலச்சட்டை அக்கா அந்தப் பக்கம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதோ இங்கதான் நிக்கிறேன்!"

"நிக்கிறே," என்றார் அக்கா. "ஆனா போயிட்டே. போடி, நல்லா இரு! அடுத்த வகுப்புல இதையும் சேத்துச் சொல்லித் தொலைக்கணும், கோட்டுக்குள்ள வச்சுத் தைக்காதேன்னு!"

சாயங்காலம் ஏழு இருபது. வேறு நாடு, வேறு கூண்டு, இளவயதுப் பெண் அதிகாரி ஒருத்தி. ஆவணங்களைக் கேட்டாள். பட்டாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். தையல்காரி வெள்ளைப் பையைத் திறந்தாள். தாள்கள் பைக்குள்தான், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

அதிகாரி தேதியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பட்டாசைப் பார்த்தாள். "இன்னும் நாலு மணி நேரம் நாற்பது நிமிஷம் சின்னப் பொண்ணுதான்" என்று அவள் மொழியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். முத்திரை விழுந்தது.

கதவு திறந்ததும் எதிரே கணவன். காலையிலிருந்து கையில் பிடித்திருந்த பூங்கொத்து பாதி உதிர்ந்திருந்தது. தங்கை ஓடிப்போய் அண்ணன் கழுத்தில் தொங்கினாள். பத்து நொடியில் கோட்டு, தச்சர், திமிங்கலம், பிஸ்கட் என்று எல்லாவற்றையும் கலந்துகட்டிப் பொரிந்து தள்ளினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவியைப் பார்த்தான். கோட்டின் உள்துணி முழங்கால் வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன இது? ஒரு தையல்காரி பிஞ்ச கோட்டைப் போட்டுக்கிட்டு வந்திருக்கே?"

மூன்று வருடம் கழித்து அவள் அவன் சட்டைக் காலரைத் தொட்டு, கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

"அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். "வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அந்தத் தையல் மெஷின் எங்க?"